நான்கும் ஒரே டயர்தானா?

முல்லைத்தீவில் சேறு தாண்டி, தார் வீதியில் சிறிது தூரம் ஓடிய பிறகே எனது பழைய கெப்பை நான்கு சக்கர இழுவையிலிருந்து மாற்ற முயன்றேன். லீவர் அசையவில்லை. அருகிலிருந்த கராஜ்காரர் கியர் பெட்டியைத் தொடவேயில்லை. அளவுநாடாவால் டயர்களைச் சுற்றி அளந்தார்.

நான்கிலும் 245/70 ஆர் 16 என்றே இருந்தது. ஆனால் சிக்கனம் பார்த்து பின்னுக்கு மட்டும் புதுச் சோடி போட்டிருந்தேன். முன் சோடி 5 மில்லிமீற்றர் தேய்ந்திருந்தது. சுற்றளவில் அது 31 மில்லிமீற்றர். கிலோமீற்றருக்குச் சுமார் 13 மீற்றர் வித்தியாசம். இவ்வகை வாகனங்களில் நான்கு சக்கர இழுவையில் முன், பின் அச்சுகள் ஒன்றாகப் பூட்டப்படுகின்றன. சேற்றில் சக்கரம் வழுக்கி வித்தியாசத்தைத் தீர்த்துவிடும். தாரில் அதற்கு வழியில்லை. முறுக்கம் சேர்ந்து பற்சக்கரங்களை இறுக்கும். (டயர்கள் சமமென்றாலும் வளைவுகளில் இதுதான் நடக்கும்.)

நேராகச் சில மீற்றர் பின்னுக்கு எடுத்தார். லீவர் விட்டது.