சேம அச்சும் சிறு புஷ்ஷும்

சங்க காலத்து உமணர்கள் உப்பை வண்டியில் ஏற்றிக்கொண்டு நெடுவழி செல்லும்போது, வண்டியின் அடியில் மாற்று அச்சு ஒன்றையும் கட்டிக்கொண்டு போவார்கள். வழியில் மேடு வருமோ, பள்ளம் வருமோ, யார் அறிவார்? இந்தச் சேம அச்சைப் பற்றி ஔவையார் புறநானூற்றில் பாடியிருக்கிறார். அதியமான் நெடுமான் அஞ்சியின் மகன் பொகுட்டெழினியை அவர் அந்த அச்சுக்கு ஒப்பிட்டார். வண்டி நின்றால் வாழ்வும் நின்றுவிடும் என்று அறிந்திருந்த மக்களிடையே அவ்வுவமை பெரும் புகழாகவே ஒலித்திருக்கும்.

நாம் இன்று பேச எடுத்துக்கொண்டதும் ஒரு மாற்று உறுப்பைப் பற்றியதே. ஆனால் இது கடையில் வாங்கிக் கையோடு கொண்டுசெல்ல இயலாத உறுப்பு. ஏனெனில், இதனைச் செய்துவந்த தொழிற்சாலை இன்று இல்லை. பழைய மோட்டார் வண்டிகளில் உள்ள 'புஷ்' என்னும் சிறு குழலைத்தான் குறிப்பிடுகிறோம்.

எஃகுத் தண்டு ஒன்று துளைக்குள் சுழலும் இடத்தில், அல்லது முன்னும் பின்னும் ஆடும் இடத்தில், இரண்டிற்கும் நடுவே செருகப்படும் குழலே புஷ். தண்டைவிட மென்மையான உலோகத்தால் அதனைச் செய்வார்கள். உராய்வு உள்ள இடத்தில் ஏதேனும் ஒன்று தேய்ந்தே தீரும். அவ்வாறு தேய்வது, கிடைத்தற்கரிய தண்டாக இல்லாமல் எளிதில் மாற்றக்கூடிய குழலாக இருக்கட்டும் என்பதே இவ்வேற்பாட்டின் கருத்து. மாட்டுவண்டிச் சக்கரத்தின் குடத்தினுள் இரும்புப் பூண் இருந்ததையும், வைக்கோற் கரியை விளக்கெண்ணெயில் குழைத்து அதற்கு மையிட்டதையும் கிராமத்தில் வளர்ந்த நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

தேயும் உலோகத்தைத் தேர்ந்தெடுப்பது தனிக் கலையாகவே வளர்ந்தது. 1839-ஆம் ஆண்டில் அமெரிக்கராகிய ஐசக் பாபிட் என்பவர், வெள்ளீயத்தை முதன்மையாகக் கொண்ட மென்கலவை ஒன்றைத் தாங்கிகளுக்குப் பயன்படுத்தும் முறைக்கு உரிமைப் பத்திரம் பெற்றார். அடிகளைத் தாங்கவேண்டிய இடங்களுக்குச் செம்பும் வெள்ளீயமும் சேர்ந்த வெண்கல வகைகள் ஏற்றவையாயின. செம்பு 88, வெள்ளீயம் 10, துத்தநாகம் 2 என்ற விகிதத்தில் அமைந்த கன்மெட்டல் அவற்றுள் பெயர்பெற்றது.

மோட்டார் வண்டி தோன்றிய தொடக்க நாட்களில் ஒவ்வொரு வண்டியின் உறுப்பும் அவ்வண்டிக்கென்றே அராவிப் பொருத்தப்பட்டது. இந்நிலையை மாற்றிக் காட்டிய நிகழ்ச்சி 1908-இல் இங்கிலாந்தில் நடைபெற்றது. மூன்று காடிலாக் வண்டிகளை முற்றிலும் பிரித்து, உறுப்புகளை ஒன்றோடொன்று கலந்து, பின்னர் மறுபடியும் மூன்று வண்டிகளாகப் பூட்டி, 500 மைல் ஓட்டிக் காட்டினார்கள். அராவ வேண்டிய தேவையே எழவில்லை. அவ்வெற்றிக்காக டூவர் கோப்பை அந்நிறுவனத்திற்கு வழங்கப்பட்டது. அதே ஆண்டில் வெளிவந்த ஃபோர்டு டி வண்டி, 1927 வரை ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட எண்ணிக்கையில் உற்பத்தியாயிற்று. கைத்திறனுக்கு இனி வேலையில்லை என்றே பலர் எண்ணினார்கள். ஆயினும் அந்த வசதி, தொழிற்சாலை உறுப்புகளைச் செய்துகொண்டிருக்கும் காலம் வரைதான் நிலைக்கும் என்பது பின்னரே விளங்கிற்று.

நம் நாட்டில் அப்பாடம் சற்று முன்னதாகவே வந்தது. ஃபோர்டு நிறுவனம் 1926-இலும், ஜெனரல் மோட்டார்ஸ் 1928-இலும் இங்குக் கால் ஊன்றி, வெளிநாட்டிலிருந்து வந்த உறுப்புகளைப் பூட்டி வண்டிகளை விற்றன. இரண்டாம் உலகப் போரின்போது, 1942 பிப்ரவரியில், அமெரிக்காவில் பொதுமக்களுக்கான கார் உற்பத்தியே நிறுத்தப்பட்டது. பெட்ரோல் தட்டுப்பாட்டினால் நம் பேருந்துகள் கரிவாயுவில் ஓடிய காலம் அது. பின்னர், உறுப்புகளை இங்கேயே செய்ய முன்வரும் நிறுவனங்களுக்கு மட்டுமே இடம் என்ற கொள்கையை இந்திய அரசு 1953-இல் மேற்கொண்டது. அடுத்த ஆண்டளவில் அவ்விரு நிறுவனங்களும் இங்கே தம் வேலையை நிறுத்திக்கொண்டன. ஆனால் அவை விற்ற வண்டிகள் சாலைகளில் ஓடிக்கொண்டுதான் இருந்தன.

அவ்வண்டிகளை ஓடச் செய்தவர்கள் கடைசல் தொழிலாளர்கள். கொல்கத்தாவை அடுத்த ஹவுராவின் சிறு பட்டறைகளிலும், மும்பையின் குர்லாவிலும், தில்லியின் காஷ்மீரி கேட் பகுதியிலும், சென்னையின் புதுப்பேட்டையிலும் பழைய உறுப்பும் புதிய கடைசலும் அருகருகே வாழ்ந்தன. அந்நகரங்களில் குடியேறிய நம்மவர்களில் பலர் அத்தெருக்களைக் கடந்துதான் நாள்தோறும் வேலைக்குச் சென்றிருப்பார்கள்.

ஒரு புஷ் எவ்வாறு உருவாகிறது என்பதைச் சிறிது காண்போம். தேய்ந்த புஷ்ஷை அளந்து அதைப்போலவே மற்றொன்றைக் கடைவது புதியவர் செய்யும் பிழை. தேய்ந்தது தன் அளவை இழந்துவிட்டதல்லவா? ஆகவே தேர்ந்தவர், புஷ் அமரும் துளையையும், தண்டில் உராய்வு படாத பகுதியையும் அளப்பார். தச்சருக்கு அங்குலத்தின் எட்டில் ஒரு பங்காகிய ஒரு நூல் போதும். இங்கே அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு வேண்டும். ஓரங்குலத் துளைக்குப் புறவிட்டத்தை ஆயிரத்தில் ஒன்று அல்லது இரண்டு பங்கு கூடுதலாகக் கடைந்து, அழுத்தியில் வைத்துச் செலுத்துவர். அழுத்தத்தில் உட்புறம் சற்றே சுருங்கும். அதன் பின்பே ரீமரால் உள்ளளவைச் சரிசெய்து, எண்ணெய் பரவுவதற்கு ஆயிரத்தில் ஏறத்தாழ ஒரு பங்கு இடைவெளி விடுவர். எண்ணெய்த் துளை தவறான பக்கம் அமைந்துவிட்டால் இவ்வளவு உழைப்பும் வீணாகும்.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. நெடுங்காலம் உழைக்கட்டும் என்று எண்ணிச் சிலர் கடினமான எஃகினால் புஷ் செய்து தருவதுண்டு. புஷ் தேயாது, தண்டு தேய்ந்துவிடும். சக்கரத்தைத் திருப்பும் கிங்பின் தண்டு தேய்ந்தால், ஓட்டுபவர் ஒரு பக்கம் திருப்ப, வண்டி வேறொரு பக்கம் செல்லும். இன்ன கலவை என்று தெரியாத பழைய உலோகத்தை உருக்கி வார்ப்பதிலும் அபாயம் உண்டு. கண்ணுக்குப் பொன்போல் மின்னுவது பாரம் தாங்கும் என்பது உறுதியன்று. வண்டியில் ஏறுகிறவர்களின் உயிர், அறியாத ஒரு தொழிலாளியின் நேர்மையில் அமைந்திருக்கிறது.

ரப்பர் புஷ்களின் முறை வேறு. வெளியேயும் உள்ளேயும் இரு உலோகக் குழல்கள், நடுவில் ரப்பர். இங்கே உராய்வு இல்லை. ரப்பரே முறுகி முறுகி அசைவுக்கு இடந்தருகிறது. ஆகவே இதற்கு எண்ணெய் இடலாகாது. கனிம எண்ணெய் பட்டால் இயற்கை ரப்பர் ஊதிக் கெடும். வண்டியின் பாரம் சக்கரங்களின் மீது இறங்கிய பிறகே திருகாணியை இறுக்க வேண்டும். தூக்கி நிறுத்திய நிலையில் இறுக்கினால் ரப்பர் எப்போதும் முறுகியே இருந்து விரைவில் கிழிந்துவிடும். பழைய அச்சுகள் கிடைக்காத இந்நாளில், பாலியூரித்தேன் என்னும் செயற்கைப் பொருளால் இவற்றைச் செய்துகொள்வோரும் உளர்.

2014-ஆம் ஆண்டு மே மாதத்தில் உத்தரபாராவின் அம்பாசிடர் உற்பத்தி நின்றது. 2023 அக்டோபரில் பிரீமியர் பத்மினி வாடகை வண்டிகள் மும்பைத் தெருக்களிலிருந்து விடைபெற்றன. நேற்றுவரை வீட்டு வாயிலில் நின்ற வண்டிகளும் இவ்வாறு அரும்பொருள்களின் வரிசையில் சேர்ந்துவிட்டன. 50 ஆண்டு கடந்த வண்டிகளைத் தொன்மை வண்டிகளாகப் பதிவு செய்துகொள்ள மைய அரசு 2021-இல் விதி வகுத்தது. அடிச்சட்டமும் உடற்கூடும் இயந்திரமும் பெரிதும் மாற்றப்படாதிருக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை. வண்டியின் உருவை மாற்றாமல் அதனை ஓடச் செய்யும் கடைசல் வேலைக்கு இதனால் மதிப்புக் கூடியிருக்கிறது. அவ்வேலையைக் கற்க வரும் இளைஞர்களோ குறைந்துவருகிறார்கள்.

ஆதலின் நேயர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் தந்தையாரின் பழைய வண்டி எங்கேனும் நிற்குமானால், அதிலிருந்து கழற்றிய தேய்ந்த புஷ்ஷை எறிந்துவிடாதீர்கள். எந்த இடத்தில் இருந்தது, எந்தப் பக்கம் எண்ணெய்த் துளை நோக்கியிருந்தது என்று ஒரு சீட்டில் எழுதி அதனோடு கட்டி வையுங்கள். உங்கள் தெருவின் முதிய கடைசல்காரரிடம் அளவுகள் எழுதிய நோட்டுப் புத்தகம் இருந்தால், அதைப் படியெடுத்துக்கொள்ள அவரிடம் இசைவு கேளுங்கள். உமணர்கள் அச்சு முறிவதற்கு முன்பே மாற்று அச்சைக் கட்டிக்கொண்டார்கள். நாமும் அந்த முதியவர் பட்டறையைப் பூட்டுவதற்கு முன்பே இதனைச் செய்துவிட வேண்டும்.