கைவிடப்பட்ட குழந்தைகளுக்காக எழுந்த முதல் மறுமலர்ச்சிக் கட்டடம்

ஐரோப்பிய மறுமலர்ச்சிக் கலை என்றதும் டாவின்சி, மைக்கலாஞ்சலோ என்றே பேச்சைத் தொடங்குகிறோம். அவர்கள் பிறப்பதற்கு முன்பே, 1419இல், ஃபுளோரன்ஸ் நகரில் எழத் தொடங்கிய ஒரு கட்டடத்திலிருந்து தொடங்குவதே முறை. அது அரண்மனையும் அல்ல, தேவாலயமும் அல்ல. கைவிடப்பட்ட பச்சிளங்குழந்தைகளுக்கான இன்னொசென்டி காப்பகம்.

பிராட்டோ ஊர் வணிகர் பிரான்செஸ்கோ டாட்டினி 1410இல் காலமானபோது, இத்தகைய இல்லத்துக்கென 1,000 ஃபுளோரின் பொற்காசுகளை உயிலில் எழுதி வைத்திருந்தார். கட்டும் பொறுப்பைப் பட்டு வணிகர் சங்கம் ஏற்றது. பொற்கொல்லர்களும் அந்தச் சங்கத்தில் அடக்கம். அப்படி உறுப்பினரான பிலிப்போ புருனெலெஸ்கியிடம் வேலை வந்து சேர்ந்தது.

அனுன்சியாட்டா சதுக்கத்தைப் பார்த்தபடி நீளும் முன்தாழ்வாரத்தில்தான் அவர் மேதைமை தெரிகிறது. கூர்முனை வளைவுகள் கோலோச்சிய காலத்தில், பண்டைய ரோமானியரைப் போல அரைவட்ட வளைவுகளை மெல்லிய தூண்கள்மேல் நிறுத்தினார். தூணின் உயரம் எவ்வளவோ, தூண்களுக்கு இடையிலான தூரமும் தாழ்வாரத்தின் ஆழமும் அவ்வளவே. வெள்ளைச் சுவரில் சாம்பல் நிறக் கல் இந்தக் கணக்கை வரைந்து காட்டுகிறது. ஆடம்பரம் சிறிதும் இல்லை, அளவே அழகாகிறது.

1445 பிப்ரவரியில் முதல் குழந்தை வந்தது. அகதா என்று பெயரிட்டார்கள். 1487இல் சிற்பி ஆந்திரேயா டெல்லா ராபியா, துணி சுற்றிய மழலைகளை நீலப் பின்னணியில் சுடுமண் வட்டங்களாக்கி வளைவுகளுக்கு மேலே பதித்தார். அடுத்த ஆண்டு ஓவியர் கிர்லாண்டாயோ, மூன்று ஞானிகள் குழந்தை இயேசுவை வணங்கும் ஓவியத்தைக் காப்பகத் தேவாலயத்துக்காக முடித்தார். அதில் ஏரோது மன்னனின் வாளுக்கு இரையான பாலகர் இருவரும் காயங்களோடு மண்டியிட்டிருக்கிறார்கள். நாட்டின் தலைசிறந்த கலையைத் திக்கற்ற பிள்ளைகளின் கண்முன் வைத்த அந்த மனத்தை எவ்வளவு போற்றினாலும் தகும்.

இந்தத் தாழ்வார அமைப்பு பரவியது. பிஸ்டோயா நகரின் செப்போ மருத்துவமனை இதைப் பின்பற்றியது. 1516இல் சதுக்கத்தின் எதிர்ப்புறத்திலும் இதற்கு இணையாக ஒரு தாழ்வாரம் எழத் தொடங்கியது. கலையுலகோடு காப்பகத்தின் உறவு கட்டடத்தோடு நிற்கவில்லை: 1552இல் காப்பகத் தலைவரான வின்சென்சோ போர்கினியே, 1563இல் நிறுவப்பட்ட ஃபுளோரன்ஸ் ஓவியக் கழகத்தையும் வழிநடத்தினார்.

காப்பகம் இன்றும் குழந்தைகளுக்காகவே இயங்குகிறது; யுனிசெஃப்பின் ஆய்வு மையம் 1988இல் இங்கேதான் தொடங்கப்பட்டது. ஃபுளோரன்ஸ் செல்லும் அன்பர்கள் உஃபிசி அருங்காட்சியகத்தோடு திரும்பிவிடாமல், அனுன்சியாட்டா சதுக்கத்துக்கும் அவசியம் சென்று வர வேண்டும்.