641 என்னும் சாவி

நேயர்களே, இன்று நாம் எடுத்துக்கொள்ளும் எண் 429,49,67,297. நானூற்று இருபத்தொன்பது கோடியே நாற்பத்தொன்பது இலட்சத்து அறுபத்தேழாயிரத்து இருநூற்றுத் தொண்ணூற்றேழு! இதற்கு ஒரு வரலாறு உண்டு.

2இல் தொடங்குவோம். ஒவ்வோர் எண்ணையும் அதே எண்ணால் பெருக்கிக்கொண்டு போனால் 2, 4, 16, 256, 65536 என்று வரும். இவை ஒவ்வொன்றுடனும் 1ஐக் கூட்டினால் 3, 5, 17, 257, 65537. இந்த ஐந்தும் பகா எண்கள். அதாவது 1ஐயும் தம்மையும் தவிர வேறெதனாலும் மீதியின்றி வகுபடாதவை. பிரான்சில் துலூஸ் நகர நீதிமன்றத்தில் பதவி வகித்த பியேர் தெ பெர்மா, இவ்வரிசையில் வரும் எல்லா எண்களுமே பகா எண்கள்தாம் என்று 1640இல் நண்பர்களுக்குக் கடிதம் எழுதினார். நிறுவ முடியவில்லை என்றும் ஒப்புக்கொண்டார்; ஆயினும் நம்பினார்.

வரிசையில் ஆறாவதுதான் நம்முடைய எண். அதைச் சோதிக்க 65536க்கு உட்பட்ட பகா எண்களால் ஒவ்வொன்றாக வகுத்துப் பார்க்கவேண்டும். அவையோ ஆறாயிரத்து ஐந்நூறுக்கும் மேல். யார் உட்கார்ந்து வகுப்பது?

1729இல் கோல்ட்பாக் என்னும் அறிஞர் இக்கூற்றை லெனார்டு ஆய்லருக்கு எழுதினார். ஆய்லர் அப்போது ருசியாவின் பீட்டர்ஸ்பர்க் கழகத்தில் பணியாற்றிய இளைஞர். 1732இல், இருபத்தைந்து வயதில், அவர் விடை கண்டார்: நம் எண் 641ஆல் வகுபடும், ஈவு 67,00,417. நேயர்கள் தாளும் பேனாவும் எடுத்து, இவ்விரண்டையும் பெருக்கிப் பார்க்கலாம். இரண்டு நிமிட வேலைதான்.

641ஐ அவர் எப்படிப் பிடித்தார்? பின்னாளில் எழுதிய கட்டுரை ஒன்றில் விளக்கினார். நம் எண்ணை வகுக்கக்கூடிய பகா எண் எதுவாயினும், அதை 64ஆல் வகுத்தால் மீதி 1 வந்தே தீரவேண்டும். அத்தகைய பகா எண்கள் 193, 257, 449, 577, 641 என்று செல்லும். ஆறாயிரம் வகுத்தல்கள் வேண்டிய இடத்தில், ஐந்தாவதிலேயே கதவு திறந்தது. இதில் ஒரு வேடிக்கை: ஆய்லரின் இந்த வழிக்கு அடிப்படையான தேற்றத்தைக் கண்டவரும் அதே பெர்மாதான், அதுவும் அதே 1640இல். சாவியைச் செய்தவரே பூட்டைத் திறக்காமல் போனார்!

பெர்மாவின் கூற்று விழுந்ததே தவிர, அவருடைய எண்கள் வீண்போகவில்லை. 1796இல் ஜெர்மானிய இளைஞர் காஸ், பதினேழு சமபக்கங்கள் கொண்ட உருவத்தைக் கவராயமும் அளவுகோலும் மட்டும் கொண்டு வரையலாம் என்று காட்டினார். அந்தப் பதினேழு, பெர்மாவின் மூன்றாவது எண். 257க்கும் 65537க்கும் அது பொருந்தும். ஆறாவது எண்ணுக்குப் பொருந்தாது.

ஏழாவது எண் இருபது இலக்கம் கொண்டது. அது 2,74,177ஆல் வகுபடுவதை 1880இல் லாண்ட்ரி என்னும் பிரெஞ்சுக்காரர் கண்டார். கணினிகள் வந்து, வரிசையில் இன்னும் மிகப் பெரிய எண்களும் சோதிக்கப்பட்டுவிட்டன. அந்த முதல் ஐந்தைத் தவிர வேறொரு பகா எண் இன்றுவரை அகப்படவில்லை.