சுயாதீன இசை: தாம்பரமும் சென்னைத் தென்புறநகரும்

படத்துக்காக அல்லாமல், பாடுகிறவரோ குழுவோ தாமே எழுதி, மெட்டமைத்து, பதிவு செய்து வெளியிடும் பாடல்களைத் தமிழ்நாட்டில் சுயாதீன இசை என்கிறார்கள். ஆர்வலர் வட்டத்தில் இதற்கு ‘இண்டி’ என்று பெயர். தாம்பரத்தில் செல்போன் ரீசார்ஜ் கடையில் கேட்டால் ‘ஆல்பம் சாங்’ என்பார்கள். பெரிய இசைத்தட்டு நிறுவனங்களின் பிடியில் இல்லாததையே பிற நாடுகளில் சுயாதீனம் என்கிறார்கள். சென்னையில் அளவுகோல் வேறு: சினிமாவில் வராத பாட்டா என்பதுதான் முதல் கேள்வி. அதனால் பெரிய நிறுவனம் முதல் போட்டு வெளியிட்ட பாடலும் இங்கே இண்டி என்றே விற்பனையாகிறது. அடையாற்றுக்குத் தெற்கே கிண்டி, பெசன்ட் நகர் தொடங்கி வேளச்சேரி, பல்லாவரம், தாம்பரம் வழியாகக் காட்டாங்கொளத்தூர் வரை நீளும் பகுதியில் இந்த இசையைக் கேட்பவர்கள் ஏராளம். மேடைகள்தாம் குறைவு.

கிட்டாரோடு வந்த இளைஞர்கள்தாம் இதைத் தொடங்கினார்கள் என்று ஒரு நம்பிக்கை உண்டு. அது சரியல்ல. சினிமாவுக்கு வெளியே சொந்தச் செலவில் பாட்டுப் பதிவு செய்து, கூட்டத்தில் கையோடு கையாக விற்கும் வழக்கம் தமிழ்நாட்டில் ஒலிநாடாக் காலத்திலேயே வேரூன்றிவிட்டது. கீழ்வெண்மணியில் 1968 டிசம்பரில் நடந்த படுகொலையை ஒட்டிக் கவிஞர் இன்குலாப் எழுதிய ‘மனுசங்கடா’ பாடலை கே.ஏ. குணசேகரன் ஊர் ஊராகப் பாடினார். எந்த வானொலியும் அதைப் பரப்பவில்லை. பாட்டு தானாகப் பரவியது. இடதுசாரி அமைப்புகளின் கலை இரவுகளும், மக்கள் கலை இலக்கியக் கழகத்தின் பாடல் நாடாக்களும் அதே தடத்தில் வந்தவை. அந்தக் கழகத்தின் பாடகர் கோவன் மதுக்கடைகளுக்கு எதிரான பாட்டுக்காக 2015 அக்டோபரில் தேசத்துரோக வழக்கில் கைதானார். இண்டி என்ற பெயரைச் சூட்டிக்கொள்ளாமலே, பாட்டுக்காகச் சிறை செல்லும் அளவுக்குச் சுயாதீனம் இங்கே இருந்திருக்கிறது.

நகரத்து இசைக்குழுக்கள் வேறொரு வழியில் வந்தன. அவை ஆங்கிலத்தில் பாடின. 1980களில் ஏ.ஆர். ரகுமானே ‘நெமிசிஸ் அவென்யூ’ என்ற சென்னை ராக் குழுவில் இருந்தவர். 2000க்குப் பிறகு ஜங்க்யார்டு குரூவ், ஸ்க்ராட், தி எஃப்16ஸ் ஆகிய குழுக்கள் சொந்தப் பாடல்களோடு பெங்களூரு, மும்பை வரை போய்வந்தன. ஸ்க்ராட்டின் ‘தி குயின்’ 2014இலும், எஃப்16ஸ் குழுவின் ‘ட்ரிகர்பங்க்டே’ 2016இலும் வெளியாயின. வாசிப்பில் குறையில்லை, பதிவும் நேர்த்தி. ஆனால் இந்தக் குழுக்களின் ரசிகர்களைக் கணக்கெடுத்தால் பெரும்பாலும் ஆங்கிலவழிக் கல்லூரி மாணவர்கள்தாம் தேறுவார்கள். ஊருக்குள்ளேயே ஒரு தனித் தீவில் அந்த இசை வாழ்ந்தது.

அந்தத் தீவுக்குத் தெற்கில் உறுதியான நிலம் ஐஐடி வளாகம். 1974இல் ‘மார்டி கிரா’ என்று தொடங்கி 1996இல் ‘சாரங்’ என்று பெயர் மாறிய மாணவர் விழாவின் இரவு நிகழ்ச்சிகள் அங்குள்ள திறந்தவெளி அரங்கில் நடக்கின்றன. ஸ்வீடனின் ஓபெத் குழு இந்தியாவில் முதன்முதலாக வாசித்தது 2009 பிப்ரவரியில் இந்த மேடையில்தான். புகழ்பெற்றவர்களின் இரவுகளைவிட, ராக் குழுக்களுக்கிடையே நடக்கும் போட்டிக்கு வரலாற்றில் கூடுதல் மதிப்பெண் கொடுக்கலாம். வீட்டு மாடியில் ஒத்திகை பார்த்த பிள்ளைகளுக்கு நல்ல ஸ்பீக்கரும் முன்பின் தெரியாத கூட்டமும் முதன்முதலில் கிடைத்த இடம் அது. 1937இல் தாம்பரத்துக்குக் குடிபெயர்ந்த சென்னை கிறித்தவக் கல்லூரியின் ‘டீப்வுட்ஸ்’ விழாவும், காட்டாங்கொளத்தூர் எஸ்.ஆர்.எம். வளாகத்தின் ‘மிலன்’ விழாவும் அதே வேலையை மின்ரயில் தடத்தின் தெற்கு முனையில் செய்கின்றன. குறை ஒன்றுதான். ஆண்டுக்குச் சில நாள், அதுவும் பெரும்பாலும் கல்லூரி அடையாள அட்டை உள்ளவர்களுக்கு.

தமிழுக்குத் திரும்பியதுதான் பெரிய திருப்பம். தர்புகா சிவா முதலியோரின் ‘லா பொங்கல்’ குழு நாட்டுப்புறப் பாடல்களை மேடைக்குக் கொண்டுவந்தது. ‘ஷான் ரோல்டன் அண்ட் ஃபிரெண்ட்ஸ்’ கர்நாடக இசையும் ப்ளூஸும் கலந்து தமிழில் பாடியது. பெயரைக் கேட்டு வெளிநாட்டுக்காரர் என்று நினைத்தவர்கள் உண்டு. ஷான் ரோல்டன் சரித்திர நாவலாசிரியர் சாண்டில்யனின் பேரன். கபேர் வாசுகி ஒற்றைக் கிட்டாரோடு, பேசுவதுபோலப் பாடி, பாடல்களை இணையத்தில் ஏற்றினார். அவரும் டென்மாவும் சேர்ந்து அமைத்த குழு ‘குரங்கன்’. இன்னொரு பக்கம் ‘ஹிப்ஹாப் தமிழா’ என்ற பெயரில் ஆதியும் ஜீவாவும் 2012இல் ‘ஹிப் ஹாப் தமிழன்’ ஆல்பத்தை வெளியிட்டார்கள். தமிழ் ராப்புக்கு அதற்கு முன்பே மலேசியாவில் யோகி பியும் நட்சத்திராவும் 2006இல் ‘வல்லவன்’ மூலம் பாதை போட்டிருந்தார்கள்.

பிறகு சினிமா வந்து ஒவ்வொருவராக அழைத்துப் போயிற்று. ஷான் ரோல்டன் 2014இல் ‘வாயை மூடி பேசவும்’ படத்துக்கு இசையமைத்தார். ஹிப்ஹாப் தமிழா 2015இல் ‘ஆம்பள’, தர்புகா சிவா 2016இல் ‘கிடாரி’. டென்மாவும் 2019இல் ‘இரண்டாம் உலகப்போரின் கடைசி குண்டு’ படத்துக்கு இசையமைத்தார். இதைத் துரோகம் என்று பேசுவது சுலபம். வாடகை கொடுக்க வேண்டியவர்கள் அப்படிப் பேசுவதில்லை. 2012ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத் திருத்தம் பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் ராயல்டி உரிமையை உறுதி செய்தது. ஆனாலும் சொந்தப் பாட்டை மட்டும் நம்பி மாதம் ஓட்டுவது இன்றும் அரிது.

தென்சென்னையில் தடம் பதித்த இரண்டு நிகழ்வுகள் இந்த வரலாற்றில் தனி இடம் பெறுகின்றன. ஒன்று, பெசன்ட் நகர் எலியட்ஸ் கடற்கரையை ஒட்டிய மீனவர் குடியிருப்பில் 2015இல் தொடங்கிய ஊரூர் ஆல்காட் குப்பம் விழா. கர்நாடக இசைப் பாடகர் டி.எம். கிருஷ்ணா, சூழலியல் செயல்பாட்டாளர் நித்தியானந்த் ஜெயராமன் முதலியோரும் குப்பத்து மக்களும் சேர்ந்து நடத்தியது. சபாவில் கேட்கும் கச்சேரியும் பறையும் கானாவும் அங்கே ஒரே மேடையில். நுழைவுச்சீட்டு இல்லை, முன்வரிசை நன்கொடையாளர்களுக்கு என்ற ஏற்பாடும் இல்லை.

மற்றொன்று 2017 ஜனவரியில் வெளியான ‘சென்னை புறம்போக்குப் பாடல்’. கபேர் வாசுகி எழுதினார், ஆர்.கே. ஸ்ரீராம்குமார் மெட்டமைத்தார், டி.எம். கிருஷ்ணா பாடினார். ஆனந்தபைரவியில் தொடங்கி ராகம் ராகமாக நகரும் ராகமாலிகை. சொற்களோ பேச்சுத் தமிழ். காட்சி எண்ணூர்க் கழிமுகத்தில், அனல்மின் நிலையப் புகைபோக்கிகளுக்கு முன்னால் எடுக்கப்பட்டது. பாட்டு வடசென்னையைப் பற்றியது என்றாலும் தெற்கில் அது ஒட்டிக்கொண்டதற்குக் காரணம் உண்டு. 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கி ஓராண்டுதான் ஆகியிருந்தது. ஏரியையும் நீர்வழிப் புறம்போக்கையும் மறித்துக் கட்டினால் என்ன ஆகும் என்று அந்தப் பகுதி ஆட்களுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. கர்நாடக இசையே கேட்காத வீடுகளில் வாட்ஸ்அப் வழியே அந்தப் பாட்டு ஓடியது.

அடுத்த ஆண்டே தமிழ்ச் சுயாதீன இசையின் மிகப் பெரிய மேடை அமைந்தது. இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் டென்மாவின் மெட்ராஸ் ரெக்கார்ட்ஸும் சேர்ந்து உருவாக்கிய ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ 2018 ஜனவரி 6 அன்று கீழ்ப்பாக்கத்தில் அரங்கேறியது. சாதியற்ற தமிழர் என்ற அயோத்திதாசப் பண்டிதரின் கருத்தே குழுவின் பெயர். கானா, ராப், ராக் மூன்றும் ஒரே பாட்டுக்குள் வந்தன. பறையும் சட்டியும் கட்டமோளமும் எலெக்ட்ரிக் கிட்டாருக்கும் டிரம்ஸுக்கும் பக்கத்தில் சரிசமமாக நின்றன. 19 பேரும் கோட்டு சூட்டில் நின்ற கோலம் அம்பேத்கரை நினைவூட்டியது என்பதைக் கூட்டத்தில் ஒருவருக்கும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஆண்களின் கோட்டையாக இருந்த கானாவில் அங்கிருந்து எழுந்த குரல் இசைவாணி; பிபிசியின் 2020ஆம் ஆண்டுக்கான 100 பெண்கள் பட்டியலில் அவர் பெயர் இருந்தது. நீலம் அதே ஆண்டு டிசம்பரில் ‘மார்கழியில் மக்களிசை’யைத் தொடங்கியது. சபாக்களின் மாதத்தில் ஒப்பாரிக்கும் கானாவுக்கும் மேடை போட்ட துணிவு, பாட்டுகளுக்கு இணையான செய்தி.

கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் குழுவின் ராப் பாடகர் அறிவு, இசையமைப்பாளர் ஆஃப்ரோவுடன் 2019இல் ‘தெருக்குரல்’ ஆல்பத்தை வெளியிட்டார். 2021 மார்ச்சில் பாடகி தீயும் அவரும் பாடிய ‘எஞ்சாய் எஞ்சாமி’ வந்தது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பிய தம் பாட்டி வள்ளியம்மாளின் கதையிலிருந்து அறிவு எழுதிய பாட்டு. யூடியூபில் பல கோடி முறை பார்க்கப்பட்டது. ஆனால் 2022 ஜூலையில் சென்னை செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அறிவு இல்லாமலே அது பாடப்பட்டபோது, பாட்டு யாருடையது என்ற சண்டை வெளியே வந்தது. அதிலிருந்து வருவாய் எதுவும் தமக்கு வரவில்லை என்று தயாரிப்பாளர் சந்தோஷ் நாராயணன் 2024இல் வெளிப்படையாகச் சொன்னார். சினிமாவிலிருந்து விடுபட்ட பாட்டு கணக்குப் புத்தகத்திலிருந்து விடுபடவில்லை.

ஆங்கிலத்திலிருந்து சொந்த மொழிக்குத் திரும்பும் இதே பாதையை ஸ்பெயினில் வேறு விதமாகக் கடந்திருக்கிறார்கள். அங்கும் 1990களின் தொடக்கத்தில் சுயாதீனக் குழுக்கள் பல ஆங்கிலத்தில்தான் பாடின. கிரனாடா நகரின் லோஸ் பிளானெதாஸ் 1994இல் ‘சூப்பர் 8’ ஆல்பத்தை ஸ்பானிய மொழியில் வெளியிட்டுப் போக்கை மாற்றியது. கற்றலான் மொழிக்காரர்களின் கதை தமிழருக்கு இன்னும் நெருக்கமானது. சர்வாதிகாரி பிராங்கோவின் ஆட்சியில் பொதுவெளியில் நசுக்கப்பட்ட அந்த மொழியில் பாட 1961இல் ‘எல்ஸ் செட்சே ஜுட்ஜெஸ்’ என்ற பாடகர் குழு கிளம்பியது. 1968இல் யூயிஸ் யாக் பாடிய ‘லெஸ்தாகா’ எதிர்ப்பின் கீதமாயிற்று. 1991 ஜூனில் பார்சிலோனாவில் 4 கற்றலான் ராக் குழுக்களைக் கேட்க 20,000 பேருக்கு மேல் கூடினார்கள். 2011இல் மனெல் குழுவின் கற்றலான் ஆல்பம் ஸ்பெயின் முழுமைக்குமான விற்பனைப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. கற்றலான் பேசுவோர் சுமார் 1 கோடி. தமிழ் பேசுவோர் அதைப்போல் பல மடங்கு.

வேறுபாடு ஊர்த் திருவிழாவில் இருக்கிறது. கற்றலோனியாவில் ஒவ்வோர் ஊருக்கும் ‘ஃபெஸ்தா மஜோர்’ என்ற ஆண்டுத் திருவிழா உண்டு. நகராட்சி தன் செலவில் குழுக்களை அழைத்துச் சதுக்கத்தில் இலவசமாகப் பாட வைக்கிறது. சொந்தப் பாடல் பாடும் குழுவுக்கு அது முக்கியமான வரும்படி. பார்சிலோனாவின் மெர்சே திருவிழாவையொட்டி 1993 முதல் நடக்கும் ‘பாம்’ விழா சுயாதீன இசைக்கென்றே நடத்தப்படுவது.

தாம்பரத்துக்கு இது அந்நியமான ஏற்பாடு அல்ல. ஆடி மாதம் பம்மல், குரோம்பேட்டை, சேலையூர்த் தெருக்களில் அம்மனுக்குக் கூழ் வார்த்த அன்று இரவு பந்தல் போட்டு, சீரியல் பல்பு கட்டி, மெல்லிசைக் குழுவை அழைக்கிறார்கள். வசூல் வீடு வீடாக நடக்கிறது. கீபோர்டு, பேட், இரண்டு பாடகர், ஒரு பாடகி. பக்திப் பாட்டில் தொடங்கி, எல்.ஆர். ஈஸ்வரியைத் தொட்டு, பத்து மணிக்குள் குத்துப்பாட்டில் முடித்தாக வேண்டும்; அதன்பின் ஒலிபெருக்கிக்கு 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் தடை போடுகின்றன. அந்தக் குழுக்களில் வாசிக்கும் பையன்களில் சிலர் பகலில் தங்கள் சொந்தப் பாட்டை லேப்டாப்பில் பதிவு செய்து யூடியூபில் ஏற்றுபவர்கள். பந்தலில் அதைப் பாடச் சொல்லி யாரும் கேட்பதில்லை, அவர்களாகவும் பாடுவதில்லை. விழாக் குழு கொடுக்கும் பாட்டுப் பட்டியல் முழுக்கச் சினிமாதான்.