மாரியும் தொல்லிடங்களும்

கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர் முதலிய கரையோர ஊர்களிலிருந்து அம்பாறை மாவட்டத்தின் தொல்லிடங்களைக் காணச் செல்வோர், வழிகாட்டி நூலைப் புரட்டுமுன் மாரிகாலத்தைக் கருத்திற் கொள்ளல் வேண்டும். பயணத்துக்கு இடையூறாகத் தோன்றும் இம்மழையே அத்தொல்லிடங்களின் வரலாற்றை உருவாக்கியதாகும்.

உலர் வலயத்தைச் சேர்ந்த இப்பகுதி, ஆண்டு மழையின் பெரும்பங்கை ஐப்பசி முதல் தை வரையிலேயே பெறுகின்றது. அந்நீரைத் தேக்கி வையாதவிடத்து இங்கு பெருங்குடியிருப்புகள் நிலைத்திருத்தல் அரிது. தீகவாபி என்னும் பாளிப் பெயரின் பொருள் நெடுங்குளம் என்பதே. கி.மு. 2ஆம் நூற்றாண்டில் அங்கு தூபியை எழுப்பியவனாகக் கூறப்படும் சத்தாதிஸ்ஸன், இளவரசனாயிருந்த காலத்தில் அவ்விடத்துப் பயிர்த்தொழிலை நடத்தும் பொறுப்பில் இருந்தான் என மகாவமிசம் கூறும். குளமும் வயலும் வழிபாட்டிடமும் ஒரே வாழ்வின் கூறுகளாய் அமைந்தமை இதனாற் புலனாகும். 1949இல் தொடங்கப்பெற்ற கல்லோயாத் திட்டம் பட்டிப்பளை ஆற்றை மறித்ததும் மாரிநீரைத் தேக்கும் அத்தேவை பற்றியேயாம்.

எனினும், கொடுக்கும் மழையே கெடுப்பதும் உண்டு. 1978 நவம்பரில் வீசிய சூறாவளி கிழக்குக் கரையை நிலைகுலையச் செய்தது. 2024 நவம்பர் 26ஆம் நாள், காரைதீவிலிருந்து அம்பாறைக்குச் செல்லும் வீதியில் மாவடிப்பள்ளியருகே வெள்ளத்தைக் கடக்க முயன்ற உழவு இயந்திரம் அடித்துச் செல்லப்பட்டது; மத்ரசா மாணவர்கள் உட்படப் பலர் உயிரிழந்தனர். கரையோரத்தார் உள்நாட்டுக்குச் செல்லும் முதன்மையான வழி இதுவே. எனவே, கார்த்திகை மார்கழியில் விடுமுறை வாய்க்கின்றது என்பதற்காக மாணவர் சுற்றுலாவை அமைத்தல் தகாது.

மழை ஓய்ந்த மாசி, பங்குனி மாதங்களே இதற்கு ஏற்றவை. அப்பொழுது குளங்கள் நிறைந்திருக்கும், பெரும்போக நெல் அறுவடையாகும், பாறைகள் உலர்ந்திருக்கும். அம்பாறைக்கு வடக்கேயுள்ள இராஜகல மலையில், மகிந்த தேரரையும் இட்டிய தேரரையும் குறிக்கும் பிராமிக் கல்வெட்டொன்று உண்டு. இத்தகைய எழுத்துகளைக் காலைச் சாய்வெயிலிற் காண்பதே நன்று. பொறிப்பின் பள்ளங்களில் நிழல் விழுந்து வடிவம் தெளிவாகும். ஆடி, ஆவணியிற் செல்வோருக்கு வழி எளிதாயினும், வற்றிய குளமும் வறண்ட தரையுமே எஞ்சும்.

தூபியை மட்டும் கண்டு திரும்புவோர் கட்டடத்தையே கண்டவராவர். நிறைந்த குளத்தையும் விளைந்த வயலையும் உடன் காண்போரே, அதனை எழுப்பிய சமுதாயத்தை அறிந்தவராவர்.