பிடிக்கிறவர்களின் ஆசான்
சடுகுடுவில் பாடிப் போகிறவருக்கே பெயர். பிடிக்கிறவரை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. 1990 பெய்ஜிங் ஆசிய விளையாட்டில் கபடி சேர்ந்த பிறகும் இதே கதைதான். இது நியாயமில்லை.

தஞ்சை மாவட்டத்துத் தர்மராஜ் சேரலாதன் அப்படிப் பிடிக்கிறவர், கார்னர் ஆட்டக்காரராக இருந்தவர். பாடி வரும் ரெய்டர் போனஸ் கோட்டுக்குக் கால் நீட்டும் நொடியில் கணுக்காலைக் கவ்வ வேண்டிய இடம் அது. கொஞ்சம் முந்தினாலும் பிந்தினாலும் பிடித்தவரே அவுட். 2016இல், நாற்பதைத் தாண்டிய வயதில், பாட்னா பைரேட்ஸ் அணிக்குக் கேப்டனாகி புரோ கபடி லீக் கோப்பையை வென்றார். அதே ஆண்டு உலகக் கோப்பை வென்ற இந்திய அணியிலும் இருந்தார்.

2024இல் அதே லீக்கின் தமிழ் தலைவாஸ் அணி அவரை வியூகப் பயிற்சியாளராக்கியது.

அதேபோல, ஓசூர், கிருஷ்ணகிரி ஆலை நிர்வாகங்களும் கபடி அணி அமைக்கும்போது, பிடிக்கக் கற்றுத்தரவும் தனியாக ஓர் ஆளை வைக்க வேண்டும்.