6 வாரம்னு போனாங்க... 12 வாரம் ஆச்சு! 'தி ஈவில் டெட்' என்ற பேய்ப் படம் உருவான கதை

கையில் ஒரு போன், மனசுக்குள் ஒரு பேய்க் கதை, கூப்பிட்டால் ஓடிவர நாலு நண்பர்கள். இந்த மூன்றும் உங்களிடம் இருக்கிறதா? அப்படியென்றால் சாம் ரைமியின் கதையை நீங்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். 'ஸ்பைடர்மேன்' எடுத்தாரே, அதே ரைமிதான். ஆனால், நாம் பேசப்போவது 1979-ல் இருந்த ரைமியைப் பற்றி. அப்போது அவருக்கு வயது 20.

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்துப் பையன். பள்ளி நண்பர் புரூஸ் கேம்ப்பெல்லோடு சேர்ந்து, சூப்பர் 8 கேமராவில் குட்டிக் குட்டி காமெடிப் படங்களா எடுத்துத் தள்ளிக்கிட்டு இருந்தார். காலேஜ் போனதும் ராப் டேப்பர்ட் கூட்டணியில் சேர்ந்தார். இவர்கள் ஹாரர் பக்கம் வந்ததற்குக் காரணம் பேய் மேல் இருந்த பாசம் இல்லை. ஸ்டார் நடிகர் இல்லாமல், ஊர் பேர் தெரியாத ஆட்கள் எடுத்தாலும் ஓடுகிற படம் எது என்று கணக்குப் போட்டார்கள். விடை, பேய்ப் படம். காதல் எல்லாம் சினிமா மேலதான்!

கதையைச் சொன்னால் எவனும் காசு தரமாட்டான் என்பது புரிந்ததும், 1978-ல் சுமார் 1,600 டாலர் செலவில் 'வித்தின் தி வுட்ஸ்' என்று அரை மணி நேரப் படம் ஒன்றை எடுத்தார்கள். கோடம்பாக்கத்தில் 'பைலட் ஃபிலிம்' என்பார்களே, அதேதான். அதைப் போட்டுக் காட்டி பல் டாக்டர்கள், வக்கீல்கள், சின்ன வியாபாரிகள் என்று ஒவ்வொருவரிடமும் கொஞ்சம் கொஞ்சமாகப் பணம் திரட்டினார்கள். சேர்ந்தது சுமார் 90,000 டாலர். அந்தக் காலத்திலும் ஒரு முழு நீளப் படத்துக்கு இது சொற்பம்தான்.

1979 நவம்பரில் டென்னசி மாநிலத்தின் மாரிஸ்டவுனுக்குக் கிளம்பினார்கள். காட்டுக்குள் ஆள் இல்லாமல் கிடந்த ஒரு மரவீடு. கரன்ட் இல்லை, தண்ணீர்க் குழாய் இல்லை, தரையெல்லாம் மாட்டுச் சாணம். முதல் வேலையே அதை அள்ளிக் கொட்டுவதுதான். கதைக்கு ஒரு நிலவறை வேண்டும், ஆனால் அந்த வீட்டில் சொல்லிக்கொள்கிற மாதிரி நிலவறை கிடையாது. தரையில் ஒரு ஓட்டை போட்டு, உள்ளே நடக்கிற காட்சிகளைப் பிறகு மிச்சிகனில் எடுத்து ஒட்டினார்கள். படம் பார்க்கும்போது நமக்கு சந்தேகமே வராது!

ரத்தத்துக்கு கார்ன் சிரப்பில் சிவப்பு ஃபுட் கலர், அதோடு காபியில் போடுகிற க்ரீமர் பவுடர். பார்க்க அசலாக இருக்கும், ஆனால் உடம்பில் பட்டால் பிசுபிசுவென ஒட்டிக்கொள்ளும். ரத்தத்தில் ஊறிய தன் சட்டையைக் கேம்ப்பெல் நெருப்பில் காயவைத்து, திரும்பப் போடப் பார்த்தபோது, விறைத்துப்போயிருந்த சட்டை உடைந்தே போனது என்பார்கள்.

பேய்க் கண்ணுக்குப் போட்ட லென்ஸ் இன்னும் மோசம். கண்ணாடிச் சில்லு மாதிரி தடிமன். 15 நிமிடத்துக்கு மேல் போட்டிருக்க முடியாது. போட்டால் எதிரில் இருப்பது எதுவும் தெரியாது. அந்தக் குருட்டு நிலையில்தான் பேயாகப் பாய்ந்து சண்டை போட்டிருக்கிறார்கள்.

சரி, காட்டுக்குள் கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று தரையோடு தரையாகப் பறந்துவருமே, அந்த ஷாட்? ஒரு பலகையின் நடுவில் கேமராவைக் கட்டி, ஆளுக்கு ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு ஓடினார்கள். அவ்வளவுதான் டெக்னாலஜி. பின்னாளில் எத்தனையோ பேர் அதைக் காப்பி அடித்தார்கள்.

ஆறு வாரத்தில் முடிய வேண்டிய ஷூட்டிங் 12 வாரம் இழுத்தது. பேசிய நாட்கள் முடிந்ததும் நடிகர்கள் ஊருக்குக் கிளம்பிவிட்டார்கள். கை, கால், முதுகு மட்டும் தெரிகிற ஷாட்களில் டீமில் மிச்சமிருந்தவர்களே அவர்களுக்குப் பதிலாக நின்றார்கள். கடைசி நாட்களில் குளிர் தாங்காமல் வீட்டில் இருந்த மரச்சாமான்களையே எரித்துக் குளிர்காய்ந்தார்கள்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்போம். இதையெல்லாம் கேட்க ஜாலியாக இருக்கும். ஆனால், கனவு ரைமியுடையது, அடிபட்ட உடம்பு மற்றவர்களுடையதும்தான். முகத்துக்கு அச்சு எடுத்தபோது நடிகை பெட்ஸி பேக்கரின் இமைமுடியே பிய்ந்து வந்திருக்கிறது. 'ஆர்வத்துல பண்றோம்' என்ற வார்த்தைக்குப் பின்னால் இந்தக் கணக்கும் இருக்கும்.

'தி பிளேர் விட்ச் ப்ராஜெக்ட்' நடிகர்களுக்கு நடந்ததையும் பாருங்கள். 1997-ல் மேரிலேண்ட் காட்டில் எட்டு நாள் ஷூட்டிங். கேமராவைப் பிடித்ததே நடித்த மூன்று பேர்தான். வசனத்தையும் அவர்களேதான் அந்தந்த நேரத்தில் பேசிக்கொண்டார்கள். நாளுக்கு நாள் சாப்பாட்டைக்கூடக் குறைத்துக்கொண்டே போனார்கள். 1999-ல் வெளியான படம் உலகம் முழுக்க சுமார் 24.8 கோடி டாலர் வசூலித்தது. 2024-ல் புதிய 'பிளேர் விட்ச்' படம் அறிவிக்கப்பட்டபோது, அந்த மூன்று பேரும் தங்களுக்குச் சேரவேண்டிய பங்கைக் கேட்டு வெளிப்படையாகக் கோரிக்கை வைத்தார்கள். 25 வருடத்துக்குப் பிறகும்! நண்பர்களை வைத்துக் குறும்படம் எடுக்கப்போகிறீர்களா? டீ, பரோட்டா கணக்கோடு சேர்த்து, நாளைக்குக் காசு வந்தால் யாருக்கு எவ்வளவு என்பதையும் ஒரு பேப்பரில் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுங்கள்.

மறுபடி 'ஈவில் டெட்'டுக்கு வருவோம். கையிலிருந்த பணம் தீர்ந்ததும் மறுபடி ஆள் ஆளாகக் கடன் கேட்டு அலைந்தார்கள். கேம்ப்பெல் குடும்பத்து நிலம்கூட ஈடாகப் போனது. மொத்தச் செலவு சுமார் 3.75 லட்சம் டாலரைத் தொட்டது. எடிட்டிங்கில் உதவியாளராக இருந்த இளைஞர், ஜோயல் கோயன். ரைமி பணம் திரட்டிய வித்தையைப் பார்த்துவிட்டு, தம்பி ஈதனோடு சேர்ந்து டிரெய்லரை மட்டும் முதலில் எடுத்துக்காட்டி 'பிளட் சிம்பிள்' படத்துக்கு நிதி திரட்டியவர் அவர்தான்.

1981 அக்டோபர் 15 அன்று, டெட்ராய்ட்டின் ரெட்ஃபோர்டு தியேட்டரில் முதல் காட்சி. வாசலில் பந்தாவுக்கு ஆம்புலன்ஸ் வேறு! அப்போது படத்தின் பெயர் 'புக் ஆஃப் தி டெட்'. புத்தகம் என்று பேர் வைத்தால் எவன் வருவான் என்று நினைத்த விநியோக ஏஜென்ட் இர்வின் ஷாப்பிரோதான் பெயரை மாற்றவைத்தார். 1982-ல் கான் நகரில் இதைப் பார்த்த எழுத்தாளர் ஸ்டீபன் கிங் பத்திரிகையில் புகழ்ந்து எழுதினார். அதற்குப் பிறகுதான் வியாபாரம் சூடுபிடித்தது. 1983-ல் அமெரிக்கத் தியேட்டர்களுக்கு வந்தது.

இந்த வீக் எண்ட் பார்ப்பதாக இருந்தால் லைட்டை அணைத்துவிட்டுப் பாருங்கள். ஆரம்பத்தில் ஐந்து பேரும் வருகிற காரையும் கவனியுங்கள். அது ரைமி வீட்டு ஓல்ட்ஸ்மொபைல். 2002-ல் 'ஸ்பைடர்மேன்' எடுத்தபோது அதே காரைத்தான் பீட்டரின் பென் மாமா ஓட்டுவார்.